வெட்டுக்கிளிப் பொட்டலத்தில் வந்த காரீயம்: சீசைட் நகரத்து ஓஹாக்காக்காரர்கள்

கலிஃபோர்னியாவின் மான்டரே கவுண்டி சுகாதாரத் துறை நடத்தும் மூன்று மருத்துவ மையங்களில் 2001 முதல் 2003 வரை குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் எடுத்த ரத்தப் பரிசோதனைகளை ஒப்பிட்டுப் பார்த்தபோது சீசைட் நகரத்தில் இருந்த ஒரு மையம் மட்டும் துருத்திக்கொண்டு நின்றது. அங்கே வந்த குழந்தைகளில் 6 சதவீதம் பேருக்கும் கர்ப்பிணிகளில் 13 சதவீதம் பேருக்கும் ஒரு டெசிலிட்டர் ரத்தத்தில் 10 மைக்ரோகிராமோ அதற்கு மேலோ காரீயம் என்ற நச்சு உலோகம் இருந்தது. மற்ற இரண்டு மையங்களில் நிலைமை இவ்வளவு மோசமில்லை.

அமெரிக்காவில் ஒரு குழந்தையின் ரத்தத்தில் காரீயம் என்றால் முதலில் வீட்டுச் சுவரைத்தான் சுரண்டிப் பார்ப்பார்கள். வீடுகளுக்கான காரீய பெயிண்ட் அங்கே 1978இல்தான் தடை செய்யப்பட்டது, அதற்கு முன் கட்டிய வீடுகளில் உரிந்து விழும் துணுக்குகளைத் தவழும் பிள்ளைகள் வாயில் போட்டுக்கொள்வது தெரிந்த கதை. சரி, அப்படியென்றால் பிள்ளைகளைவிடத் தாய்மார்களிடம் ஏன் இவ்வளவு அதிகம்? யார், எங்கிருந்து வந்தவர்கள், என்ன சாப்பிடுகிறார்கள் என்று கேட்டுக்கொண்டே போனதில் இரண்டு விஷயங்கள் தெரிந்தன. சொந்த ஊரிலிருந்து வரவழைத்த உணவைச் சாப்பிட்டவர்களுக்கு இந்த ஆபத்து 3.4 மடங்கு. மெக்சிகோவின் ஓஹாக்கா மாநிலத்திலிருந்து வந்தவர்களிலேயே சிமாட்லான் என்ற வட்டாரத்துக்காரர்களுக்கு, அதே மாநிலத்தின் மற்றப் பகுதியினரைவிட 4 மடங்கு. பிறகு உணவுப் பண்டங்களைச் சோதித்தார்கள். ஊரில் யாரோ வீட்டிலேயே வறுத்துக் காயவைத்து அனுப்பிய சப்புலினெஸ், அதாவது வெட்டுக்கிளிகள், அவற்றில் கணிசமான காரீயம்.

மார்கரெட் ஹேண்ட்லி என்ற நோய்ப்பரவல் ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் இதை 2007இல் வெளியிட்டார்கள். பொதுச் சுகாதாரப் படிப்பில் இருப்பவர்களுக்குப் பழக்கமான நிகழ்வாக இருக்கலாம். நான் இதை எடுத்துக்கொண்ட காரணம் வேறு. லத்தீன் அமெரிக்கக் குடியேறிகளின் சாப்பாட்டைப் பற்றி யார் எழுதினாலும் ஒரே கதைதான் வருகிறது: ஊரில் சோளமும் (மக்காச்சோளம்) பீன்ஸும் கீரையும் தின்று நன்றாக இருந்தார்கள், அமெரிக்கா வந்தார்கள், பர்கரும் கோலாவும் பிடித்துக்கொண்டது, சர்க்கரை வியாதி வந்தது. இதில் பொய் இல்லை. ஆனால் பாதிதான் இருக்கிறது. சீசைடில் நோயைக் கொண்டுவந்தது ஊர்ச் சாப்பாடே. அது எப்படி என்று பார்க்கப் போனால் குடியேற்றம் ஒரு வீட்டின் அன்றாடத்தை என்ன செய்கிறது என்பது பர்கர் கதையைவிடத் தெளிவாகத் தெரிகிறது.

ஊர்

சிமாட்லான், ஓஹாக்கா நகருக்குத் தெற்கே உள்ள பள்ளத்தாக்குப் பகுதி. சப்போடெக் பழங்குடியினரின் ஊர்கள் நிறைந்தது. சோளம், பீன்ஸ், பூசணி மூன்றையும் ஒரே நிலத்தில் கலந்து போடும் மில்பா விவசாயம், பக்கத்திலேயே மாட்டுக்கு அல்ஃபால்ஃபா புல். மழை இறங்கியதும் இந்த வயல்களில் வெட்டுக்கிளி பெருகும். வெயில் ஏறினால் துள்ளி ஓடிவிடும் என்பதால் விடியற்காலையில் உடம்பு விறைத்துக் கிடக்கும்போதே வலையால் அள்ளுவார்கள். அலசி, கொதிநீரில் போட்டு எடுத்து, பூண்டு, எலுமிச்சைச் சாறு, உப்பு சேர்த்து, சில வீடுகளில் மிளகாயும் போட்டு, கோமால் என்ற தட்டையான சட்டியில் மொறுமொறுவென்று சிவக்கும்வரை வறுப்பார்கள். முகம் சுளிப்பவர்களுக்கு: நம் பக்கத்தில் மழைக்குப் பின் ஈசல் பிடித்து அரிசிப் பொரியோடு வறுத்துத் தின்ற தலைமுறை இன்னும் உயிரோடுதான் இருக்கிறது. புரதம் நிறைந்த, காசு செலவில்லாத, பருவத்துக்கு வரும் தீனி அது. அந்தப் பக்கத்துச் சந்தைகளில், வெள்ளிக்கிழமை ஒகோட்லானிலும் ஞாயிற்றுக்கிழமை ட்லாகோலூலாவிலும், கூடையில் குவித்து விற்பார்கள்.

இந்த மண்ணை விட்டு ஏன் கிளம்பினார்கள் என்பதற்கு ஒரே காரணம் கிடையாது. 1942 முதல் 1964 வரை அமெரிக்கா பண்ணை வேலைக்கு மெக்சிகோ ஆண்களை ஒப்பந்தத்தில் கூட்டிப்போன பிராசெரோ திட்டம் வடக்கே போகும் பாதையைப் பழக்கிவிட்டது. 1982இல் மெக்சிகோ நாணயமான பெசோ சரிந்தது, 1994 இறுதியில் மறுபடியும் சரிந்தது. அதே 1994 ஜனவரியில் வட அமெரிக்கத் தடையற்ற வணிக ஒப்பந்தம் அமலுக்கு வந்து, மானியத்தில் விளைந்த அமெரிக்கச் சோளம் உள்ளே இறங்க, ஓரிரு ஏக்கர் வைத்திருந்தவனின் சோளத்துக்கு விலை போய்விட்டது. சோளம் முதன்முதலில் பயிரான நாட்டிலேயே சோளம் போட்டவன் பிழைக்க முடியவில்லை என்பதை எத்தனை முறை படித்தாலும் எனக்கு எரிச்சல்தான் வருகிறது.

இங்கே எல்லைக் காவலுக்கு ஒரு முக்கியமான பங்கு இருக்கிறது, அதைப் பலரும் தாண்டிப் போய்விடுகிறார்கள். முன்பெல்லாம் ஆண்கள் பருவத்துக்குப் போய் வேலை பார்த்துவிட்டு அறுவடைக்கோ திருவிழாவுக்கோ ஊர் திரும்புவார்கள். 1993, 94 வாக்கில் எல்லை இறுக ஆரம்பித்தது, சான் டியேகோ பக்கம் 1994 அக்டோபரில் தொடங்கிய கேட்கீப்பர் நடவடிக்கை அதில் பெயர் பெற்றது. கடப்பது ஆபத்தும் செலவும் ஆனதும் ஆட்கள் வருவது நின்றதா என்றால் இல்லை, திரும்பிப் போவதுதான் நின்றது. போனால் மறுபடி வர முடியாதே! மனைவியையும் கூப்பிட்டுக்கொண்டார்கள், பிள்ளைகள் அங்கேயே பிறந்தார்கள். ஆள் ஊருக்குப் போக முடியாததால் ஊர் ஆளைத் தேடி வரவேண்டியதாயிற்று, பொட்டலங்களாக.

வந்த இடம்

சீசைட், மான்டரே வளைகுடாவின் கரையில் இருக்கும் சின்ன ஊர். பக்கத்தில் இருந்த ஃபோர்ட் ஓர்டு ராணுவ முகாமை நம்பியே வளர்ந்தது. முகாம் 1994இல் மூடப்பட்டது. ஒரு பக்கம் மான்டரே, கார்மெல், பெப்பிள் பீச் என்று பணக்காரச் சுற்றுலா ஊர்கள், ஹோட்டல்கள், கோல்ஃப் மைதானங்கள். அங்கே அறை துடைக்கவும் பாத்திரம் கழுவவும் புல் வெட்டவும் ஆள் வேண்டும், அந்த ஆட்கள் தங்க அக்கம்பக்கத்தில் கொஞ்சமாவது கட்டுப்படியாகும் வாடகை வேண்டும். உள்ளே தள்ளிப் போனால் சாலினாஸ் பள்ளத்தாக்கு, அமெரிக்காவின் சாலட் கிண்ணம் என்று பெயர் வாங்கிய லெட்யூஸ், ஸ்ட்ராபெரி வயல்கள்.

இப்படி ஒரு இடத்தில் சப்போடெக் வீட்டுச் சமையலறையில் முதலில் மாறுவது ருசி என்று நினைத்தால் அது தப்புக்கணக்கு. முதலில் போவது நேரம். மெக்சிகோவில் நாளின் பெரிய சாப்பாடு மதியம் இரண்டு மணிக்கு மேல் வீட்டில் உட்கார்ந்து சாப்பிடும் கொமீதா. ஹோட்டல் ஷிஃப்டிலோ வயல் வரிசையிலோ அதற்கு இடமே இல்லை. பெரிய சாப்பாடு இரவுக்குத் தள்ளிப்போகிறது, சாப்பிட்டதும் படுக்கை. மனைவி காலை ஷிஃப்ட், கணவன் உணவகத்தில் இரவு ஷிஃப்ட் என்றால் அதுவும் சேர்ந்து கிடையாது. உணவகத்தில் வேலை பார்ப்பவர் அங்கே மிஞ்சியதைச் சாப்பிட்டுவிடுவார். தனி ஆட்களாக நாலைந்து பேர் ஒரே வீட்டில் வாடகையைப் பங்கு போட்டு இருக்கிறார்கள் என்றால் அடுப்புக்கு வரிசை, அதைவிட கப் நூடுல்ஸுக்குச் சுடுதண்ணீர் ஊற்றுவது சுலபம்.

டார்ட்டியா என்ற தட்டை ரொட்டியின் விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். ஓஹாக்கா கிராமத்தில் முதல் நாள் இரவே சோளத்தைச் சுண்ணாம்பு நீரில் வேகவைத்து ஊறவிட்டு, காலையில் தோல் போகக் கழுவி, அரைத்து, மாவை கையால் தட்டி கோமாலில் போட்டு எடுப்பார்கள். நிக்ஸ்டமால் என்ற இந்த வேலை வெறும் மாவு மிருதுவாக வருவதற்கு மட்டும் இல்லை. சுண்ணாம்பு சேர்வதால் சோளத்தில் உடம்பு எடுத்துக்கொள்ள முடியாமல் கட்டுண்டு கிடக்கும் நியாசின் விடுபடுகிறது, கூடவே கால்சியமும் ஏறுகிறது. பால் அதிகம் குடிக்காத ஒரு சமூகத்துக்குக் கால்சியம் பெருமளவு இந்த ரொட்டியில்தான் வந்தது. அமெரிக்காவில் அதற்குப் பதில் காய்ந்த மாசா மாவுப் பாக்கெட், 1949இல் மெக்சிகோவின் வடக்கில் தொடங்கிய மசேக்கா கம்பெனி அதை இரண்டு நாட்டிலும் பரப்பியது. அதுவும் சுண்ணாம்பு போட்டதுதான், குறை சொல்ல முடியாது. இன்னும் நேரம் இல்லையென்றால் ஆயத்தமாகச் சுட்டு பிளாஸ்டிக் உறையில் அடுக்கிய டார்ட்டியா. அப்புறம் பிள்ளைகள் கேட்கிறார்கள் என்று கோதுமை டார்ட்டியா, அதற்கும் அப்புறம் வெள்ளை ரொட்டி. எந்தப் படியிலும் யாரும் பழையதை விட்டுவிட முடிவு செய்வதில்லை.

இறைச்சி தலைகீழாகத் திரும்புகிறது. ஊரில் கல்யாணம், பண்டிகை, ஞாயிறு என்று இருந்தது இங்கே தினமும் வாங்கக்கூடிய விலை. பட்டினியை வென்றதன் அடையாளமே தட்டில் கறி இருப்பதுதான், அதை ஒரு சத்துணவு நிபுணர் வந்து குறை என்று சொன்னால் கோபம் வராதா? ஊரில் வேலியோரம் பறித்த கீரைகளுக்கு மட்டும் பேரங்காடியில் இடமில்லை. ஒரு வேடிக்கை, கலிஃபோர்னியா வயல்களில் களையாகப் பிடுங்கி எறியும் பருப்புக்கீரை மெக்சிகோக்காரர்களுக்குப் பிடித்த உணவு. எறிகிறவர்களும் அவர்கள்தான், பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுபோகிறவர்களும் அவர்கள்தான், மருந்தடித்த வயலா என்ற கவலையோடு.

பிள்ளைகள் தனி உலகம். கைவசம் ஆவணம் இல்லாவிட்டாலும் பள்ளியில் சேர்க்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1982இலேயே சொல்லிவிட்டது, பள்ளிச் சாப்பாட்டுக்கும் ஆவணம் கேட்பதில்லை. ஆக ஒரு நாளின் ஒன்றிரண்டு வேளை பீட்சா, நக்கெட், சாக்லேட் பால் என்று பள்ளியில் கழிகிறது. கர்ப்பிணிகளுக்கும் சிறு குழந்தைகளுக்கும் உணவு தரும் விக் என்ற அரசுத் திட்டமும் குடியுரிமை பார்ப்பதில்லை, நல்ல விஷயம். ஆனால் அதன் பட்டியலில் வெகுகாலம் பால், சீஸ், முட்டை, பழச்சாறு, டப்பா சீரியல் போன்றவைதான் இருந்தன. சோள டார்ட்டியா அந்தப் பட்டியலுக்குள் வந்தது 2009இல். சீசைடில் அந்த ரத்தப் பரிசோதனைகள் நடந்த காலத்தில் ஒரு சப்போடெக் கர்ப்பிணி அரசுச் சீட்டைக் காட்டிக் கடையில் சீஸ் வாங்கலாம், டார்ட்டியா வாங்க முடியாது. எது சத்தான உணவு என்பதை அந்தப் பட்டியல் சொல்லாமல் சொல்லிக் கொடுத்தது.

பொட்டலம்

இவ்வளவும் மாறிய வீட்டில் மாறாமல் இருந்தது என்வியோ. ஸ்பானிய மொழியில் அனுப்பி வைப்பதற்குப் பெயர் அது. சிமாட்லான் வட்டாரத்தைச் சேர்ந்த சான் பாப்லோ ஊயிஸ்டெபெக் என்ற ஊரின் என்வியோக்களை, கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தைச் சேர்ந்த ஜேம்ஸ் கிரீஷாப் தனியாகவே ஆராய்ந்திருக்கிறார். ஊரில் இருக்கும் தாயோ மாமியாரோ வீட்டில் செய்ததைக் கட்டிக் கொடுப்பார்கள், அதற்கென்றே தொழில் நடத்துபவர்கள் வாங்கி வடக்கே அனுப்புவார்கள், இந்தப் பக்கத்தில் உறவுக்காரர்கள் வந்து வாங்கிப் போவார்கள். மோலே என்ற மசாலா விழுது, காய்ந்த மிளகாய், சாக்லேட், கெசியோ என்ற நூல்நூலாகப் பிரியும் சீஸ், பெரிய மொறுமொறு ட்லாயூதா டார்ட்டியாக்கள், ரொட்டி, மூலிகை, சப்புலினெஸ். 3,000 கிலோமீட்டருக்கு மேல் வந்து சேரும் சோறு. எதிர்த்திசையில் பணமும் துணிமணியும் போகும்.

இதை ஏக்கம் என்று மட்டும் சொல்லி முடிப்பது சோம்பேறித்தனம். ஊரில் இருக்கும் பாட்டிக்கு இன்னும் பேரப்பிள்ளையை ஊட்டும் உரிமை இருக்கிறது என்பதற்கான ஏற்பாடு இது. கர்ப்பமான மகளுக்கு ஊர்ச் சாப்பாடு போனால்தான் உடம்பு தாங்கும் என்று எந்தத் தாயும் நினைப்பாள், அதனால் கர்ப்பிணிகளுக்கு இந்தப் பண்டங்கள் இன்னும் கவனமாகப் போய்ச் சேர்ந்திருக்கும் என்பது என் ஊகம். அவர்களிடம் சதவீதம் கூடுதலாக இருந்ததற்கு அது ஒரு காரணமாக இருக்கக்கூடும்.

காரீயம் எங்கே ஏறியது என்பதற்கு ஒற்றை விடை கிடைக்கவில்லை. ஆய்வாளர்களே வெட்டுக்கிளி ஒரு வழி மட்டும், வேறு வழிகளும் இருக்கலாம் என்று எழுதினார்கள். சந்தேகத்துக்கு உரியவை இரண்டு. ஒகோட்லான் பக்கத்து மலைகளில் பழைய வெள்ளிச் சுரங்கங்கள் உண்டு, அவற்றின் கழிவு கலந்த மண்ணும் அதில் வளர்ந்த புல்லும் பூச்சிக்குள் போகலாம். இன்னொன்று பாத்திரம். மெக்சிகோவில் மண்பாண்டங்களுக்குக் குறைந்த சூட்டில் பளபளப்பு ஏற்றக் காரீய ஆக்சைடு பூசுவது நூற்றாண்டுகளாக நடக்கிறது, ஓஹாக்காவின் அட்சோம்பா ஊரின் பச்சைப் பானைகள் அதற்குப் பெயர் போனவை. அப்படிப்பட்ட சட்டியில் எலுமிச்சைச் சாறு ஊற்றினால் புளிப்பு காரீயத்தைக் கரைத்து இழுத்துவிடும். சப்புலினெஸ் செய்முறையில் எலுமிச்சை இல்லாமல் இல்லை!

அப்படியென்றால் ஊரில் இருப்பவர்களுக்கும் பாதிப்பு இருக்குமே? இருக்கும். மெக்சிகோவில் குழந்தைகளின் ரத்தத்தில் காரீயம் இன்றும் பெரிய பிரச்சினை, அதில் பளபளப்புப் பானைகளுக்கு முதன்மையான பங்கு. ஊரில் அது யாருக்கும் தெரியாமல் எல்லோரிடமும் இருந்தது, வழக்கமாக ரத்தம் எடுத்துப் பார்க்கும் ஒரு ஊருக்கு வந்ததும் எண்ணாக வெளியே தெரிந்தது. கூடவே உடம்புக்குள் ஒரு கணக்கு நடக்கிறது. கால்சியமும் இரும்புச்சத்தும் குறைந்த உடம்பு காரீயத்தை அதிகமாக உறிஞ்சும், கர்ப்பத்தில் எலும்பில் சேர்ந்து கிடக்கும் பழைய காரீயமும் ரத்தத்துக்கு இறங்கும். சுண்ணாம்புச் சோளத்தைக் குறைத்துவிட்டு அதற்கு ஈடாக எதுவும் சேர்க்காத ஒரு பெண்ணின் உடம்பில் ஊர்ப் பொட்டலமும் வந்த இடத்து அவசரமும் ஒன்றாகச் சேர்ந்து வேலை செய்யும். குடியேறியவர்களின் உணவைப் பழையது, புதியது என்று இரண்டு தட்டில் பிரித்து வைக்க முடியாது என்று நான் சொல்வது இதனால்தான்.

பிறகு

2003இல் கலிஃபோர்னியா சுகாதாரத் துறை சப்புலினெஸ் பற்றி எச்சரிக்கை விட்டது. எச்சரிக்கை விடுவது சுலபம், இங்கே அதைச் செயல்படுத்துவதுதான் சிக்கல். கடையில் விற்கும் சரக்கென்றால் அலமாரியிலிருந்து எடுக்கச் சொல்லலாம். மெக்சிகோவின் புளி, மிளகாய் மிட்டாய்களில் காரீயம் இருப்பது வெளிவந்தபோது 2005இல் கலிஃபோர்னியா சட்டமே போட முடிந்தது. ஆனால் மாமியார் கட்டிக் கொடுத்த பொட்டலத்துக்கு எந்த இன்ஸ்பெக்டர்? ஆவணம் இல்லாத வீட்டில் அரசாங்க ஆள் வந்து உங்கள் ஊரிலிருந்து என்ன வருகிறது என்று கேட்டால் யார் வாய் திறப்பார்கள்? போதாததற்கு, பலருக்கு ஸ்பானிய மொழியே இரண்டாவது மொழி. ஸ்பானிய மொழியில் அச்சடித்த துண்டறிக்கை சப்போடெக் பேசும் பாட்டிக்குப் போய்ச் சேராது. ஆய்வாளர்கள் இரண்டு நாட்டிலும் வேலை செய்ய வேண்டும் என்று வற்புறுத்தியது நியாயம், சட்டி ஓஹாக்காவில் இருக்கிறது, ரத்தம் சீசைடில் இருக்கிறது.

பயந்துபோய் ஊர்ச் சாப்பாட்டையே நிறுத்தச் சொல்வதும் ஆபத்து. அதே கவுண்டியில், அதே சாலினாஸ் பள்ளத்தாக்கில், 1999 முதல் பெர்க்லி பல்கலைக்கழகம் நடத்தும் சமாக்கோஸ் என்ற நீண்டகால ஆய்வு இருக்கிறது. பண்ணைத் தொழிலாளர் குடும்பத்துக் கர்ப்பிணிகளை வைத்துத் தொடங்கியது, பெரும்பாலோர் மெக்சிகோவில் பிறந்தவர்கள். அமெரிக்காவில் இருந்த ஆண்டுகள் கூடக் கூட இவர்களின் சாப்பாட்டின் தரம் இறங்கியது. புதிதாக வந்தவர்களே நார்ச்சத்தும் மற்றச் சத்துகளும் அதிகமாகச் சாப்பிட்டார்கள். நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியிலும் சிகாகோ, மயாமி, சான் டியேகோ நகரங்களிலும் 2008 முதல் 16,000க்கும் மேற்பட்ட லத்தீன் மக்களைச் சோதித்த பெரிய ஆய்வில் மெக்சிகோ வழிவந்தவர்களில் 18.3 சதவீதம் பேருக்கு நீரிழிவு, தென் அமெரிக்க வழியினரில் 10.2. லத்தீன் மக்கள் என்று ஒரே பெயரில் மூட்டை கட்டுவதே தப்பு என்பதற்கு இந்த இரண்டு எண்கள் போதும். இங்கும் அமெரிக்காவில் வாழ்ந்த ஆண்டுகள் ஏறினால் நீரிழிவும் ஏறியது.

அதற்காக மெக்சிகோவை நோய் தொடாத கிராமமாகக் கற்பனை செய்யவும் வேண்டாம். கோலா அங்கே மலைக்கிராமம் வரை போய்விட்டது. 2014இல் சர்க்கரை பானங்களுக்கு லிட்டருக்கு ஒரு பெசோ வரி போட்டதும், 2020இல் பாக்கெட் உணவுகளில் கறுப்பு எண்கோண எச்சரிக்கை ஒட்டச் சொன்னதும் சும்மா இல்லை. இன்று எல்லை தாண்டி வருகிறவருக்குக் கப் நூடுல்ஸும் கோலாவும் அறிமுகம் ஆகி வெகுநாள் ஆகியிருக்கும்.

நம்மவர்களும் சூட்கேஸ் நிறையப் பொடியும் வத்தலும் கொண்டு போகிறவர்கள் என்பதால் ஒன்று: நியூயார்க் நகரச் சுகாதாரத் துறை, வெளிநாட்டில் வாங்கி வீட்டுக்குக் கொண்டுவந்த மசாலாப் பொடிகளில் காரீயம் கடையில் விற்பவற்றைவிட மிக அதிகமாக இருப்பதைக் கண்டது. ஜார்ஜியா நாடு, வங்கதேசம், பாகிஸ்தான் எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு. ஓஹாக்காக்காரர்களை மட்டும் விநோதமாகப் பார்க்க ஒன்றுமில்லை.

சீசைட் எண்களில் இன்னொரு விஷயம் பாக்கி. 6, 13 சதவீதம் என்ற கணக்கு 10 மைக்ரோகிராம் என்ற அன்றைய கோட்டை வைத்துப் போட்டது. அமெரிக்காவில் குழந்தைகளுக்கான அந்த அளவு 2012இல் 5 ஆனது, 2021இல் 3.5 ஆனது. காரீயத்தில் இவ்வளவு வரை பரவாயில்லை என்று சொல்லும்படியான அளவே கிடையாது என்பதுதான் இப்போதைய மருத்துவ நிலைப்பாடு. அன்று 4, 6, 8 என்று வந்து, பிரச்சினை இல்லை என்று வீட்டுக்கு அனுப்பப்பட்ட பிள்ளைகள் அந்தச் சதவீதத்துக்குள் வரவே இல்லை. இன்று அவர்கள் வளர்ந்து பெரியவர்களாகியிருப்பார்கள்.